சேலத்தில் பிள்ளையை “இன்டர்நேஷனல்” ஸ்கூலில் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் எமிஸ் நம்பரைக் கேளுங்கள்

எமிஸ் நம்பர் என்றால் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டுத் தரும் அடையாள எண். என் மகளைச் சேர்த்த பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஏற்காடு அடிவாரப் பக்கம், தோப்புக்குள் ஒரு பழைய வீடு, மொத்தம் நாற்பது பிள்ளைகள்கூட இல்லை, பலகையில் மட்டும் இன்டர்நேஷனல்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. மகள் நம்மைப் போல மனப்பாடம் செய்து, அடி வாங்கிப் படிக்க வேண்டாம், கையால் தொட்டுச் செய்து பார்த்துப் படிக்கட்டும் என்று வீட்டில் இரண்டு பேருக்கும் ஆசை. பட்டறைக்காரனுக்குக் கை வேலையின் அருமை தெரியாதா? அந்த ஆசையைத்தான் அவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சுற்றிக் காட்டியவர் தாளாளர், நல்ல பேச்சுக்காரர். கையால் தொட்டுச் செய்து படிக்கிற முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கியது, 1939-ல் அவரே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். (பிறகு தேடிப் பார்த்தேன், அதெல்லாம் நிஜம்தான், பொய் வேறு இடத்தில் இருந்தது.) “சிலபஸ் கேம்பிரிட்ஜுங்களா சார்?” என்று கேட்டேன். “கேம்பிரிட்ஜ் பேட்டர்ன் சார், கூட ஐபி ஸ்டைலும் கலந்திருக்கோம்” என்றார். கேம்பிரிட்ஜும் ஐபியும் வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள். அதில் பேட்டர்னாம், ஸ்டைலாம். கொலுசு வாங்க வருகிறவரிடம் “இது வெள்ளி பேட்டர்ன்ங்க” என்று நான் சொன்னால் சும்மா விடுவாரா? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

வருடத்துக்கு 85,000, திருப்பித் தருவதாகச் சொன்ன டெபாசிட் 30,000, கற்றல் உபகரணங்களுக்கு என்று 18,000. ரசீது பள்ளியின் பெயரில் இல்லை, ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரில் “நன்கொடை” என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, “எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார்” என்றார்கள். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த 18,000 ரூபாய் உபகரணம் ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதில் பிங்க் டவர் என்று ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மரக்கட்டைகள். முறைப்படி 10 கட்டைகள் இருக்க வேண்டும், பெரியது 10 சென்டிமீட்டர், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் குறைந்துகொண்டே வந்து கடைசியில் 1 சென்டிமீட்டர். குழந்தை தானாக எடுத்து, தப்பாக அடுக்கி, தானே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும், அதுதான் அதன் சூட்சுமமே. ஆகஸ்டில் ஒருநாள் மகள் சொன்னாள், “அதைத் தொடக் கூடாதுப்பா, பூட்டி வெச்சிருப்பாங்க, யாராச்சும் ஸ்கூலைப் பார்க்க வந்தாத்தான் மிஸ் எடுத்துத் தருவாங்க.” குழந்தைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். தினமும் நடந்தது என்னவோ ஜெராக்ஸ் எடுத்த தாளில் கலர் அடிப்பது. பயிற்சி பெற்றவர் என்று காட்டிய ஒரே டீச்சரும் தீபாவளியோடு நின்றுவிட்டார், அப்புறம் ஆபீஸில் ஃபீஸ் வாங்கிய அக்காதான் மிஸ்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. டிசம்பரில் “களக் கல்வி” என்று 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகளை வைத்துப் பழம் பறிக்க வைத்திருக்கிறார்கள். சரி, ஒரு மணி நேரம் பறித்துப் பார்த்தால் நல்லதுதான், ஆனால் மதியம் வரைக்கும் அதே வேலை, காப்பி என்றால் என்ன, பழத்துக்குள் கொட்டை எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. தோட்டம் தாளாளருக்கு வேண்டியவருடையது என்று பிறகு தெரிந்தது. அறுவடைக் காலத்தில் பறிக்கிற ஆளுக்குக் கூலி கொடுப்பார்கள். நாங்கள் கூலி கொடுத்துப் பிள்ளையை அனுப்பியிருக்கிறோம்!

மார்ச்சில் வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்று போனபோதுதான் முழு விஷயமும் வெளியே வந்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி, “எமிஸ் நம்பர் என்னங்க?” நம்மூரில் எந்தப் போர்டு பள்ளியாக இருந்தாலும் பிள்ளைக்கு அந்த நம்பர் இருக்கும், டி.சி.யும் அதை வைத்துத்தான். மகளுக்கு நம்பரே இல்லை. பள்ளிக்கு 33-ல் தொடங்குகிற பதினோரு இலக்க யுடைஸ் எண்ணும் (அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் தரும் எண்) இல்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தால், விளையாட்டுப் பள்ளிக்கு மட்டும் விண்ணப்பித்திருந்தார்களாம், அதையும் புதுப்பிக்கவில்லையாம். ஒன்றாம் வகுப்பு நடத்த அங்கீகாரமே கிடையாது. கேம்பிரிட்ஜ், ஐபி இரண்டு இணையதளத்திலும் ஊர் பெயர் போட்டுப் பள்ளியைத் தேடலாம், ஐந்து நிமிட வேலை. நான் அதை மார்ச்சில் செய்தேன், போன ஜூனில் செய்திருக்க வேண்டும்.

வக்கீலாக இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான் சொன்னார், 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 13-ம் பிரிவுப்படி நன்கொடை வாங்கிச் சேர்த்தால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம், 18-ம் பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாமல் நடத்தினால் ஒரு லட்சம் வரை, அதன்பிறகும் நடத்தினால் நாளுக்கு 10,000 வரை. அந்த ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நீங்களும் எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன், கல்வி அலுவலகத்துக்கும் ஒரு நகல். டெபாசிட்டில் 10,000 மட்டும் ஜிபே-யில் வந்தது, மீதி “அடுத்த மாசம்”.

மகள் இப்போது எங்கள் தெருவுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தலைமை ஆசிரியை அம்மா பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, எமிஸ் நம்பரும் போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கே ‘எண்ணும் எழுத்தும்’ என்கிற அரசின் தொடக்கக் கல்வித் திட்டத்தில் குச்சி, மணி, அட்டை எல்லாம் தரையிலேயே கிடக்கிறது, பிள்ளைகள் இஷ்டத்துக்கு அள்ளுகிறார்கள். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன், கழிவறை சுமார்தான்.

அந்தப் பள்ளி அடுத்த வருட அட்மிஷனுக்கு ஐந்து ரோடு பக்கம் புதுப் பேனர் வைத்திருக்கிறது, இந்த முறை “ஃபின்லாந்து மாடல்”. அதில் பிங்க் டவர் அடுக்குகிற நீலச் சட்டைப் பெண் என் மகள். படத்தை எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாகிவிட்டது. வண்டியை நிறுத்தி எண்ணிப் பார்த்தேன், ஒன்பது கட்டைதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, “குட்டிக் கட்டை வைக்கிறதுக்குள்ள போட்டோ முடிஞ்சிருச்சுன்னு மிஸ் வாங்கிட்டாங்கப்பா” என்றாள்.