கிளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ்: எட்டு மாதம் போட்டுப் பார்த்ததில்

போன வருஷம் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். கட்டைப் பிரித்த நாலாம் நாள் அந்தக் காலின் ஆடுசதை வீங்கி, தொட்டால் சுட்டது. பக்கத்து வீட்டு அக்கா தைலத்தோடு வந்துவிட்டார், நரம்பு பிசகியிருக்கும், உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று. நல்லவேளை, மகள் தடுத்தாள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால், உள்ளே ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உருவியிருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

ரத்தம் உறையாமல் இருக்க மூன்று மாதத்துக்கு மாத்திரை. கூடவே வீக்கத்துக்கு முழங்கால் வரை போடும் கிளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை; கிளாஸ் என்பது இறுக்கத்தின் அளவு. அதை எழுதும் முன் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். ரத்தம் கீழே சரியாக இறங்காத காலுக்கு இந்த இறுக்கம் ஆகாதாம். சர்க்கரைக்காரர்கள் தாங்களாகவே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முதலில் வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். "செருப்பு சைஸ் ஏழா? அப்ப மீடியம்தான்மா" என்று பையன் எடுத்துக் கொடுத்தான். இரண்டே நாளில் மேல்பட்டி சுருண்டு, கயிறு கட்டியது போல முழங்காலுக்குக் கீழே வரிவரியாகத் தடம். ஆயிரத்து நானூறு ரூபாய் போச்சு. அடுத்த கடையில் டேப் எடுத்தார்கள்: கணுக்காலில் ஒல்லியான இடம், ஆடுசதையில் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. காலையில் வீக்கம் ஏறும் முன் வரச் சொன்னார்கள். எனக்குச் சேர வேண்டியது லார்ஜ்! பெட்டியில் 23-32 என்று போட்டிருந்தது, காலை எவ்வளவு அழுத்தும் என்பதற்கான பாதரச மில்லிமீட்டர் கணக்கு. கணுக்காலில்தான் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். ரத்தத்தைக் கீழிருந்து மேலே தள்ளுவதற்கான ஏற்பாடு அது.

போடுவதுதான் பெரும்பாடு. முதல் வாரம் இருபது நிமிஷம் மல்லுக்கட்டினேன். அப்புறம் வழி பிடிபட்டது: குதிகால் வரை உள்புறம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவிவிட வேண்டும். இழுத்தால் நகம் பட்டுக் கிழியும். மதுரை மே மாதத்தில் இதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது தண்டனைதான், மதியத்துக்கு மேல் அரிப்பெடுக்கும். ஆனால் சாயங்காலம் கால் கல்லாய்க் கனப்பது நின்றது.

இதை மாட்டினால் ரத்தம் மறுபடி உறையாது, பின்னாளில் கால் தொந்தரவே வராது என்று நம்ப வேண்டாம். 2014இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இரண்டு வருஷம் ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களுக்கும் இறுக்கமில்லாத போலியைப் போட்டவர்களுக்கும், பின்னாளில் வரும் கால் தொந்தரவில் வித்தியாசமில்லை. என் டாக்டரும் வீக்கம், வலிக்கு மட்டும்தான் என்றார். மாத்திரைக்கும் நடைக்கும் இது ஈடாகாது. பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஸ்டாக்கிங்ஸோடு போனாலும், விழித்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தேன், வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கினேன். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆறு மாதத்தில் இலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, முறுக்கிப் பிழியாமல் நிழலில்தான் உலர்த்தினேன், அப்படியும். அடுத்த ஜோடி விரல் திறந்த மாடலாக வாங்கியிருக்கிறேன். பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் சுற்றிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, பையை விரல் வழியாக உருவிவிடலாம்.