மவுஸ் வீல் துள்ளுதா? சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீங்க

வீலைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே எகிறுகிறது, நாலு வரி இறங்கி மூணு வரி ஏறுகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இருந்தால், சர்வீஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். மதுரையில் ஒரு கடை இதை வைத்து என்னிடம் 2,000 ரூபாய் கறந்தது. மேலும் 4,500 கறக்கப் பார்த்தது.

சின்னச் சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் கணக்கு எழுதிக் கொடுப்பவள் நான். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியின் மாதக் கணக்கான 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டிய நேரத்தில் வீல் படுத்த ஆரம்பித்தது. எக்செல்லில் கொள்முதல் பட்டியலை உருட்டினால் பார்த்துக்கொண்டிருந்த வரி கண்ணை விட்டு ஓடிவிடும். கடைக்குப் போன் போட்டேன். "சிபியூவை மட்டும் கொண்டாங்க மேடம், மவுஸ், கீபோர்டெல்லாம் எங்ககிட்டயே இருக்கு" என்றார்கள். மொத்த ஏமாற்றும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. பழுதான பொருளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழுதில்லாத பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

வைரஸ் என்றார்கள். பார்மட் 600, டேட்டா பேக்கப் 500, ஆன்ட்டிவைரஸ் 900. சிபியூவைத் திரும்ப வாங்கப் போனபோது அவர்களுடைய மவுஸை வைத்து உருட்டிக் காட்டினார்கள், வழுக்கிக்கொண்டு போனது. போகாமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்து என் மவுஸைச் செருகினால் அதே துள்ளல். தலைவலிக்குப் போனவருக்குக் காலில் கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பக் கூப்பிட்டபோது கதை மாறியது. "அப்போ போர்டுல யூஎஸ்பி கன்ட்ரோலர் போயிருக்கும் மேடம், 4,500 ஆகும்." அதே யூஎஸ்பியில் கீபோர்டு ஒழுங்காக ஓடுகிறது, அம்புக்குறி ஒழுங்காக நகர்கிறது, வீல் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்" என்று பதில் வந்தது.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "சித்தி, வேற மவுஸ் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். பக்கத்து வீட்டு மவுஸைச் செருகினோம், துள்ளல் இல்லை. என் மவுஸை அவனுடைய லேப்டாப்பில் செருகினோம், அங்கேயும் துள்ளியது. விஷயம் அத்தோடு தெரிந்துவிட்டது. வைரஸாக இருந்தால் மவுஸோடு சேர்ந்து இன்னொரு லேப்டாப்புக்குப் போய்த் துள்ளாது.

மவுஸைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பட்டையை நகத்தால் நெம்பினான். திருகு அதன் அடியில் ஒளிந்திருந்தது. திறந்தால் வீலின் அச்சில் என் தலைமுடி ஒன்று சுற்றிக் கிடக்கிறது, பக்கத்தில் திரிதிரியாகத் தூசி. அச்சின் ஒரு முனை ஒரு குட்டிப் பெட்டிக்குள் நுழைகிறது. அதற்கு என்கோடர் என்று பெயர். வீல் சுற்றும்போது உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் தொட்டுத் தொட்டு விலகி, இரண்டு சிக்னல்களைச் சற்று முன்பின்னாக அனுப்பும். எது முந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் வீல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று மவுஸ் முடிவு செய்கிறது. தகட்டில் அழுக்கோ தேய்மானமோ இருந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரிசை குழம்பும், கீழே உருட்டியது மேலே உருட்டியதாகப் பதிவாகும். கம்ப்யூட்டர் பாவம், தனக்கு வந்ததை அப்படியே நம்புகிறது. சில மவுஸ்களில் தகட்டுக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி இருக்கும். அதன் வழியில் தூசி மறித்தாலும் இதே கூத்துதான்.

முடியை இடுக்கியால் எடுத்தான், தூசியை ஊதினான், என்கோடரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சொட்டு விட்டு வீலை இரண்டு பக்கமும் நன்றாக உருட்டினான். காய்ந்த பிறகு மாட்டினால் சரியாகிவிட்டது. தகடு தேய்ந்தே போயிருந்தால் இது சில வாரம்தான் தாங்குமாம், அப்புறம் என்கோடரை மாற்ற வேண்டும் அல்லது புது மவுஸ் வாங்க வேண்டும். என்னுடையதன் விலையே 650 ரூபாய்தான்.

எல்லாத் துள்ளலும் என்கோடரால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒயர்லெஸ் மவுஸில் அம்புக்குறியும் சேர்ந்து திக்கினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். ரிசீவர், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் அதன் குட்டித் துண்டு, யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இருந்தால் அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும், எனவே ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு சாப்ட்வேரில் மட்டும் பிரச்சினை என்றால் அதன் செட்டிங்கைப் பாருங்கள். உருட்டும்போது எழுத்து பெரிதாகிச் சிறிதானால் கன்ட்ரோல் கீ சிக்கியிருக்கிறது.

மவுஸ் சரியானது, ஆனால் கடைக்காரர்கள் செய்துவைத்த வேலை அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. என்னிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 11 ஹோம். அதை அழித்துவிட்டு, கிராக் செய்த திருட்டு விண்டோஸ் ப்ரோவை ஏற்றியிருக்கிறார்கள். அக்கா மகன் மறுபடி ஹோம் ஏற்றி நெட்டில் இணைத்ததும் பழைய லைசென்ஸ் தானாகவே வந்துவிட்டது. ஆன்ட்டிவைரஸ் கணக்கைத் திறந்து பார்த்தால் என் கம்ப்யூட்டரோடு முகம் தெரியாத இரண்டு பேருடைய கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. மூன்று பேருக்கான ஒரே லைசென்ஸ் கீயை மூன்று பேரிடம் தனித்தனியாக விற்றிருக்கிறார்கள். 500 ரூபாய் பேக்கப்பில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மட்டும்தான் இருந்தன. டேலி டேட்டாவைத் தொடவே இல்லை. வாராவாரம் பென்டிரைவில் எடுத்து வைப்பதால் தப்பித்தேன், கடைசியாகப் போட்ட பில்களை மட்டும் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று.

பில்லாகத் தந்தது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. கேட்டால் "நாங்க ஜிஎஸ்டி எடுக்கல மேடம்" என்கிறார்கள். யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள்! சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லைதான். அதற்காக, வாங்கிய காசுக்கு ஒழுங்கான ரசீது தராமல் இருக்க முடியாது. எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து, கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். சீட்டு, லைசென்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய வாட்ஸ்அப் எல்லாம் கொடுத்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்தே போன் வந்தது. ஆன்ட்டிவைரஸ் காசு 900ஐ ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள். பார்மட்டும் பேக்கப்பும் "செஞ்ச வேலைக்குக் கூலி மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கோங்க" என்கிறார்கள். மீதி 1,100 வரும்வரை வாபஸ் வாங்குவதாக இல்லை.