விசாகப்பட்டினம் குர்சுரா: உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய நீர்மூழ்கி

விசாகப்பட்டினத்தில் ஒரே ஒரு இடம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறதென்றால், ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவுக்குப் போங்கள். காட்சிக்காகச் செய்த மாதிரி இல்லை இது. 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து, 2001 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற அசல் நீர்மூழ்கி. சோவியத் தயாரிப்பு, 91 மீட்டர் நீளம். 2002 முதல் அருங்காட்சியகம்.

வெளியே நின்று பார்த்தால் பெரிய கப்பல். உள்ளே ஏறினால் இருபுறமும் குழாயும் வால்வும். நடுவில் ஓர் ஆள் போகும் வழிதான். நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டுதான் டார்பிடோ; அதை ஏவ முன்னறையில் 6 குழாய்கள், பின்னறையில் 4. டார்பிடோக்களை ஒட்டியே மாலுமிகளின் படுக்கைகள்.

அறைக்கு அறை வட்டக் கதவு. ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அதை மட்டும் அடைத்துவிடத்தான் இத்தனை சிறிதாக வைத்திருக்கிறார்கள். தலையை முதலில் நுழைத்தால் மேல் விளிம்பில் இடிக்கும். ஒரு காலை அந்தப் பக்கம் ஊன்றி, நன்றாகக் குனிந்து, பிறகு மற்ற காலை எடுங்கள். முதுகுப்பை மாட்டிக்கொள்ளும், கையில் பிடித்துக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. மூடிய இடம் பயம் என்பவர்கள் வெளியிலிருந்து பார்ப்பதே மேல்.

எஞ்சின் அறையில் கொஞ்சம் நில்லுங்கள். 3 டீசல் எஞ்சின்கள். டீசல் எரியக் காற்று வேண்டும், ஆழத்தில் அது கிடையாது. அதனால் மூழ்கியிருக்கும்போது பேட்டரிதான். சார்ஜ் இறங்கினால் மேலே வந்தோ, காற்றுக்குழாயை நீருக்கு மேல் நீட்டியோ எஞ்சினை ஓட்டியாக வேண்டும். எதிரியிடம் சிக்கும் ஆபத்து அதிகமான நேரமும் அதுதான்.

வழிகாட்டிகள் ஓய்வுபெற்ற கடற்படையினர். கேட்டால் பிரமாதமாக விளக்குவார்கள். ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டால் பின்னால் வருபவர்கள் நெருக்க, நின்று கேட்கவே முடியாது. இதுதான் பெரிய குறை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், திங்கள் விடுமுறை.

முடித்ததும் சாலையைக் கடந்து டி.யு.-142 விமானத்தையும் பாருங்கள். நம் அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்து, 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றது. 4 எஞ்சின்கள்; ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைச் சுழலிகள். அதன் வேலையே கடலுக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பது. அதனால் குர்சுராவை முதலில் பாருங்கள். விமானத்தில் இருக்கும் கருவிகள் எதற்கென்று தானாகவே விளங்கும்.