1,840 வரிகளை ஸ்னைப்-ஐடியில் ஏற்றிய கதை: மூன்றாம் ஆண்டில் எழுதுவது

எங்கள் கல்லூரியின் கணினி, புரொஜெக்டர், யு.பி.எஸ். கணக்கெல்லாம் 2023 கோடை விடுமுறை வரை ஒரே எக்செல் கோப்பில் கிடந்தது. மொத்தம் 1,840 வரிகள். அதை, எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஸ்னைப்-ஐடி (Snipe-IT) என்ற திறமூல மென்பொருளுக்கு மாற்றினேன். சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் காசு கிடையாது. நிர்வாகத்திடம் வேறெந்தக் காரணமும் எடுபட்டிருக்காது.

ஏற்றுவது எளிது. கோப்பை சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, எந்தப் பத்தி எந்தப் புலத்துக்குப் போக வேண்டும் என்று காட்டினால் போதும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரங்கள்தான் வேலை.

பட்டியலில் இல்லாத இடத்தையோ மாடலையோ கண்டால் மென்பொருள் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். வசதிதான். ஆனால் 'லேப் 2', 'லேப்-2', 'இரண்டாம் லேப்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதிய கோப்பைக் கொடுத்தால் மூன்று லேப் கட்டிவிடும். முதல் சோதனையில், கல்லூரியில் இல்லாத பதினொரு அறைகள் முளைத்தன. போதாக்குறைக்குச் சில வரிகள், ஆங்கில எழுத்துகளையே தமிழாகக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. எக்செல்லில் அழகான தமிழ். ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றினேன். சேமிக்கும்போது யூனிகோடு எழுத்துகளைக் காக்கும் யு.டி.எஃப்-8 வகையைத் தேர்ந்தெடுக்க மறந்ததால் அத்தனையும் கேள்விக்குறிகளாயின.

டேப்லெட்டுகளை அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண் 15 இலக்கம். அந்தப் பத்தியை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று வைக்காவிட்டால் எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும், சி.எஸ்.வி.யில் போய்ச் சேருவதும் அந்தச் சுருக்கம்தான். அலமாரியைத் திறந்து இருபது டேப்லெட்டுகளின் எண்களையும் மறுபடி பார்த்து எழுதினோம்.

இவையெல்லாம் அன்றைக்கே கண்ணில் பட்டவை. தேதிப் பிழை இரண்டு ஆண்டுகள் பதுங்கியிருந்தது.

எங்கள் கோப்பை இரண்டு கணினிகளில் நிரப்பினார்கள். ஒன்றில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் (முதலில் மாதம், பிறகு நாள்) இருந்ததை நான் கவனிக்கவில்லை. அங்கே 04/07/2022 என்று அடித்தால் அது ஏப்ரல் 7. 25/07/2022 என்று அடித்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாதே, அதனால் அது வெறும் எழுத்தாகவே நின்று கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றதைப் பார்த்தேன். பார்த்து, எல்லாவற்றையும் நடுவில் வைத்து அழகுபடுத்தினேன். இருந்த ஒரே தடயத்தையும் நானே அழித்தேன். (எக்செல் தானே தேதியாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல்தான் 2020இல் 'மார்ச்1' போன்ற மரபணுப் பெயர்களையே மாற்றினார்கள். ஒரு சின்ன ஆறுதல்.)

2025 மே மாதம் ஒரு கணினியின் மதர்போர்டு போனது. மூன்று ஆண்டு வாரண்டி ஏப்ரல் 7உடன் முடிந்ததாகத் திரை சொன்னது. வெளியில் கொடுத்துப் பழுதுபார்த்தோம். தணிக்கைக்காக பில்லை எடுத்தபோதுதான் வாங்கிய நாள் ஜூலை 4 என்று தெரிந்தது. இலவசமாக முடிந்திருக்க வேண்டிய வேலை.

திருத்துவதற்கு மென்பொருள் உதவியது. சொத்து எண் ஒன்றாக இருந்தால், ஏற்கெனவே உள்ளதைப் புதுப்பிக்கும் பெட்டியை டிக் செய்து மறுபடி ஏற்றலாம். பழைய வரி திருந்தும், புதிய வரி முளைக்காது. இப்போது தேதிகளை ஆண்டு-மாதம்-நாள் என்றே எழுதுகிறேன். முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பார்க்கிறேன்.

ஆனால் எந்த வரி எந்தக் கணினியில் அடிக்கப்பட்டது என்பதற்குக் குறிப்பில்லை. அதனால் நாள் 12க்குள் இருக்கும் வரிகள் எல்லாமே சந்தேகப் பட்டியலில். 05/05 போன்றவை மட்டும் தப்பின. மீதி 640. பில் கட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன், பாதி தாண்டிவிட்டது.