பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஒரே படகு: ஜே/24-ஆ, கேட்டலினா 22-ஆ?

புதன்கிழமை மாலை கிளப் பந்தயம், சனி ஞாயிறு குடும்பத்தோடு ஏரியில் தங்கல். இரண்டுக்கும் ஒரே பாய்மரப் படகு வேண்டும், பட்ஜெட்டும் சின்னது. அமெரிக்காவில் இப்படித் தேடினால் பழைய படகுகளில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி கண்ணில் படும். 1969-இல் பிராங்க் பட்லர் கொண்டுவந்த கேட்டலினா 22 பதினைந்தாயிரத்துக்கும் மேல் விற்றது. கனெடிகட்டின் ஸ்டோனிங்டனில் ராட் ஜான்ஸ்டன் தன் வீட்டு காரேஜில் கட்டிய படகிலிருந்து பிறந்த ஜே/24, 1977 முதல் ஐயாயிரத்துக்கும் மேல்.

வேகத்தில் போட்டியே இல்லை. கிளப் பந்தயங்களின் ஹேண்டிகேப் கணக்கில் (வேகம் வேறுபடும் படகுகளைச் சமன்செய்ய நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் முறை), மைலுக்கு ஏறக்குறைய 100 வினாடி ஜே/24 முன்னால் நிற்கும் (ஊருக்கு ஊர் இது மாறும்). காற்றை எதிர்த்து ஏறுவதில் அதன் சுகமே தனி. ஆனால் அந்த வேகத்துக்கு ஆள் பலம் வேண்டும். 3,100 பவுண்டு படகில் கீலின் (படகைக் கவிழாமல் பிடிக்கும் அடித்தண்டின்) பாரம் 950 பவுண்டுதான். காற்றின் வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) தாண்டியதும் படகு சாயும். அப்போது அதை நிமிர்த்துவது விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்காரும் ஆட்களின் எடை. அதனால்தான் பந்தயத்தில் பெரும்பாலும் ஐந்து பேர் ஏறுகிறார்கள். வாராவாரம் நாலு நண்பர்களைத் திரட்ட முடியுமா என்பதுதான் என் முதல் கேள்வி. முடியாதென்றால் அந்த வேகம் காகிதத்தில்தான் இருக்கும். கேட்டலினாவை இரண்டு மூன்று பேர் சேர்ந்தே பந்தயத்தில் ஓட்டிவிடலாம், கேட்டலினா 22-கள் மட்டும் மோதும் சொந்த வகுப்புப் பந்தயங்களும் நடக்கின்றன.

தங்குவதற்கு என்றால் ஜே/24-ஐச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. நாலு பேர் படுக்கலாம், ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மழை பெய்யும் இரவில், குனிந்தபடியே குழந்தைக்கு உடை மாற்ற வேண்டியிருக்கும். கேட்டலினாவில் பல படகுகளுக்குக் கூரையின் ஒரு பகுதி மேலே தூக்கிக்கொள்ளும், நின்றபடி சமைக்கலாம். தூக்கும் கீல் உள்ள வகையில் கீலை ஏற்றிவிட்டால் இரண்டடித் தண்ணீர் போதும், கரையோரமாகவே நங்கூரமிடலாம். டிரெய்லரிலிருந்து சாய்தளத்தில் இறக்குவதும் எளிது. ஜே/24-க்கு நாலடி நிலைக் கீல், பெரும்பாலும் கிரேன் தேவை. அகலமும் 8 அடி 11 அங்குலம். அமெரிக்கச் சாலைகளில் சிறப்பு அனுமதியின்றி இழுக்கும் வழக்கமான வரம்பு 8 அடி 6 அங்குலம்.

சான்டானா 22-ஐயும் சிலர் சொல்வார்கள். கேரி மல் வடிவமைத்தது, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் முரட்டுக் காற்றுக்குத் தோதானது. அந்தப் பக்கம் இருந்தால் பாருங்கள்.

என் தேர்வு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கேட்டலினாதான். வாங்கும் முன் கீலைத் தூக்கும் கம்பிவடத்தையும், கீல் சுழலும்படி தொங்கும் இரும்பு ஊசியையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஓடும்போது அந்த வடம் ரீங்கரிப்பது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இழை பிரிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். பந்தயம்தான் உயிர், ஆட்களும் தயார் என்றால் தயங்காமல் ஜே/24 எடுங்கள். ஆனால் அதன் உடலுக்குள் பால்சா மரம் இருக்கிறது, தண்ணீர் புகுந்தால் ஊறிப் போகும். அதனால் டெக்கில் (மேல்தளத்தில்) கருவிகள் திருகப்பட்ட இடங்களைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்புறம், பின்பக்க லாக்கர் (சாமான் அறை) மூடிகள் சரியாகப் பூட்டுகின்றனவா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பலத்த காற்றில் படகு பக்கவாட்டில் விழும்போது அவை திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் கொட்டும், படகு மூழ்கியும் போகலாம்.