பணப்பெட்டியா, கேமராவா? 2016 குடியரசுக் கட்சிப் போட்டி

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் யார் என்ற உட்கட்சிப் போட்டியில், ஃப்ளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ் பக்கம் பணம் கொட்டியது. அவரை ஆதரித்த 'ரைட் டு ரைஸ்' என்ற சூப்பர் பேக் (வரம்பில்லாமல் தேர்தல் நன்கொடை திரட்டும் தனி அமைப்பு) 2015-ன் முதல் பாதியிலேயே 10 கோடி டாலருக்கு மேல் திரட்டிவிட்டது. டிரம்ப்போ இருந்த இடத்திலிருந்தே டிவி நிகழ்ச்சிகளுக்குப் போன் போட்டுப் பேசினார். அவர் கூட்டங்களைச் சேனல்கள் நேரலையில் காட்டின. விளம்பரச் செலவு மிச்சம்.

பணம் வீண் என்று சொல்லிவிட முடியாது; ஊர் ஊராக ஆள் வைக்க அது வேண்டும். ஆனால் 17 பேர் முட்டிமோதும் களத்தில் தினமும் பேசுபொருளாக இருப்பதுதான் முதல் தேவை. விவாத மேடையில் யார் நடுவில் நிற்பது என்பதையே கருத்துக்கணிப்புதான் தீர்மானித்தது. அங்கே கேமரா ஜெயித்தது. நியூ ஹாம்ப்ஷயர் கூட்டமொன்றில் ஜெப், பாவம், கைதட்டுங்கள் என்று கேட்டே வாங்க வேண்டியிருந்தது. 2016 பிப்ரவரி 20, தென் கரோலினா மாநில உட்கட்சித் தேர்தலில் தோற்ற இரவே போட்டியிலிருந்து விலகினார்.