தவளைக்குக் கண் வெளுத்தால் உப்பா, சொட்டு மருந்தா, களிம்பா?

எங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது வெள்ளை நிற ஆப்பிரிக்க நகத் தவளை. வண்ணமீன் கடைகளில் விற்கிறார்களே, அதுதான். அதற்குக் கண் சிவப்பு, மூடிக்கொள்ள இமை கிடையாது. போன சித்திரையில் ஒரு காலை பார்த்தால் இடது கண்மேல் பாலாடை படிந்தது போல வெளுத்திருந்தது. என் மகள் தொட்டியை விட்டு நகரவே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் தருமபுரியிலேயே மூன்று வைத்தியம் கிடைத்துவிட்டது. மீன் கடைத் தம்பி, "ஒரு கை கல்லுப்பு போடுங்கண்ணா, சரியாயிடும்" என்றார். மெடிக்கலில் மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்தை எடுத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவோடு வந்தார். எல்லோரும் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் தவளையின் உடம்பு வேறு மாதிரியானது. அது தோல் வழியாகவே தண்ணீரையும் உப்பையும் மருந்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் கண்ணுக்கு விடுவது உடம்புக்கும் கொடுப்பது போலத்தான்.

மருந்துகளை ஒப்பிடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: வெளுத்தது ஒரு கண்ணா, இரண்டுமா? ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் கல்லிலோ தொட்டி அலங்காரத்திலோ உரசி, அந்தக் காயத்தில் கிருமி ஏறியிருக்கும். இரண்டும் ஒன்றாக வெளுத்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள், அல்லது உடம்பு முழுக்கப் பரவிய நோயை. ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா உள்ளே பரவும்போது தொடையின் அடிப்பக்கம் சிவந்து தெரியும். இன்னொன்றும் உண்டு. கொழுப்பு மிகுந்த இரையையே மாதக்கணக்கில் கொடுத்தால் கருவிழியின் முன்படலத்தில் கொழுப்பு படிந்து வெள்ளைத் திட்டு வரும். அது தொற்றே அல்ல. எந்த ஆன்டிபயாடிக்கும் அதைக் கரைக்காது.

தண்ணீரை மாற்றுவது மட்டுமே ஒரு வைத்தியமா என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அதுதான் முதல் வைத்தியம் என்பேன். தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனால் குடிநீர் என்றால் குளோரின் இருக்கும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் குழாயைத் திறந்தாலே வாடை அடிக்கும். நமக்கு ஒன்றும் ஆகாத அந்த அளவே இமையில்லாத கண்ணை எரிக்கப் போதும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோ, மீன் கடையில் கிடைக்கும் குளோரின் முறிக்கும் சொட்டைக் கலந்தோதான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பும் கடினத்தன்மையும் அதிகம். கேன் தண்ணீரில் தாதுக்கள் குறைந்துபோயிருக்கும் என்பதால் தினசரித் தொட்டிக்கு அது வேண்டாம். நான் காவிரித் தண்ணீரை வாளியில் ஆறவைத்தே பயன்படுத்துகிறேன்.

இதோடு அம்மோனியாவையும் பார்க்க வேண்டும். தின்னாமல் விட்ட ஈரல் துண்டு ஒரு ராத்திரி அடியில் கிடந்தால் போதும், தண்ணீர் கெட்டுவிடும். சோதனைக் கிட்டில் அம்மோனியா பூஜ்யம் காட்ட வேண்டும். வெயிலும் சேர்ந்துகொள்ளும்: 18 முதல் 24 டிகிரிதான் நகத் தவளைக்குச் சுகம், எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். குளிர்ச்சியான ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. லேசான மங்கல் மட்டும் இருந்து, தவளை நன்றாகச் சாப்பிட்டால், சுத்தமான தண்ணீரில் தனியாக விட்டு இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். வீக்கம், சீழ், படலத்தில் குழி, இரை எடுக்காமை, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருப்பது கண்ணைப் பறிகொடுப்பதில் போய் முடியும்.

உப்பு விஷயத்தில் அளவுதான் எல்லாம். நம் ரத்தத்துக்குச் சமமான சலைன் 0.9 சதவீதம். தவளைக்குச் சமமானது சுமார் 0.65 தான். மருத்துவமனை சலைனையே அப்படியே ஊற்றினால் தவளை உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் என்றால், கைப்பிடிக் கல்லுப்பு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். 100 மில்லி சலைனோடு 50 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 0.6 சதவீதம் வரும். கண்ணைக் கழுவ இது போதும். இதைவிடச் சிறந்தது தவளைக்கான ரிங்கர் கரைசல்: லிட்டருக்கு 6.6 கிராம் உப்பு, அதோடு சிறிதளவு பொட்டாசியம், கால்சியம், சோடா உப்பு. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அவரிடம் வேலை செய்தவர் வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலந்துவிட்டார். அந்தத் தண்ணீரில் இருந்த கால்சியத்தால்தான் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது என்று பிறகு தெரிந்தது. ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது தவளைக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. ஆனால் உப்புக் கரைசல் கழுவும், ஆற்றும், உடம்பில் நீர்ச்சமநிலை கெடாமல் தாங்கும். காயத்தில் ஏறிய பாக்டீரியாவை அது மட்டும் கொல்லாது.

அந்த இடத்தில்தான் சொட்டு மருந்து வருகிறது. சிப்ரோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின் எல்லாம் 0.3 சதவீதச் சொட்டாகச் சின்ன ஊர் மெடிக்கலிலும் கிடைக்கும். ஜென்டாமைசினும் கிடைக்கும், ஆனால் அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. தோல் வழியாக உள்ளே போகும் உயிருக்கு நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். அட்டையில் டெக்ஸாமெதசோன் என்று இருந்தால் வாங்கவே வேண்டாம். அது ஸ்டீராய்டு. படலத்தில் புண் இருந்தால் அதை ஆறவிடாமல் ஆழமாக்கிவிடும். எங்களுக்கு முதலில் கொடுத்ததும் ஆன்டிபயாடிக்கோடு இந்த ஸ்டீராய்டு கலந்த சொட்டுதான். பெயரின் கடைசி எழுத்தில் மட்டுமே வித்தியாசம் இருந்தது. நல்லவேளை, வீட்டில் பிரிக்கும் முன் படித்துவிட்டோம்.

பாட்டிலில் இன்னொன்றையும் பாருங்கள். பல சொட்டு மருந்துகளில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருக்கும். தவளைக்கும் மீனுக்கும் அது ஆகாது. அதனால் மருந்தைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றவே கூடாது. சில மாக்ஸிஃப்ளாக்ஸசின் சொட்டுகள் அது இல்லாமலே வருகின்றன. மருத்துவரிடம் கேட்டு அதை வாங்கலாம்.

விடும் முறையும் முக்கியம். நகத் தவளை நீருக்குள்ளேயே வாழ்வது. உள்ளேயே விட்டால் மருந்து அடுத்த நொடி கரைந்துவிடும். நாங்கள் தாழ்ந்த டப்பாவில் ஈரத் துணி விரித்து, பவுடர் இல்லாத கையுறையை நனைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு தண்ணீரில் விட்டோம். காலை, மாலை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தவளையிடமிருந்து சால்மொனெல்லா என்ற பாக்டீரியா தொற்றலாம்.

களிம்பு கண்ணில் அதிக நேரம் நிற்கும் என்பது உண்மை. தரையில் வாழும் பேக்மேன் தவளைக்கு மெல்லியதாகத் தடவ அது பொருந்தலாம். நகத் தவளைக்கு எண்ணெய்ப் பசை தோலிலும் மூக்குத் துளையிலும் அப்பிக்கொள்ளும். எங்களுக்குச் சொட்டுதான் சரிப்பட்டது. குளோராம்ஃபெனிகால் களிம்பு என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அரிதாக நம் ரத்த உற்பத்தியையே அது கெடுக்கக்கூடும்.

நந்தியாவட்டை, விளக்கெண்ணெய், தாய்ப்பால், மீனுக்கான மாலகைட் கிரீன்: நான்குமே வேண்டாம்.

தொற்று உடம்புக்குள் போயிருந்தால் சொட்டு போதாது, ஊசிதான். இங்கே மாடும் ஆடும் பார்க்கும் மருத்துவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் நன்றாகத் தெரியும். சிக்கல் அளவில் இருக்கிறது. 60 கிராம் தவளைக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் 0.3 மில்லிகிராம். மாட்டுக்கான 10 சதவீத மருந்தில் அது 0.003 மில்லி. மில்லிக்கு 40 யூனிட் கணக்குள்ள இன்சுலின் ஊசியில், ஒரு யூனிட்டில் சுமார் எட்டில் ஒரு பங்கு! நீர்த்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த மருந்தின் காரமே தசையைப் புண்ணாக்கும். வீட்டில் செய்யும் வேலை அல்ல இது. எங்கள் மருத்துவர் தவளை பார்த்ததில்லை என்று நேராகவே சொன்னார். ஆனாலும் ஃபுளோரசின் தாளால் சாயமேற்றி, படலத்தில் புண் இருப்பதைக் காட்டினார். அதற்கு மேல் தேவைப்பட்டால் தருமபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு. மூடியில் துளையிட்ட டப்பா, நனைத்த பஞ்சு, வெயில் ஏறும் முன் கிளம்பும் பஸ். தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில் தனியாக எடுத்துப் போங்கள், மருத்துவர் அதையும் கேட்பார்.

கண் சரியாகாது என்று தெரிந்ததும் ஏரியில் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். சிலி, பிரான்ஸ் நாடுகளில் இப்படி வெளியேறிய நகத் தவளைகள் பெருகி உள்ளூர் உயிர்களை வாட்டுகின்றன. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையையும் அவை சுமந்து போகும். விடவும் தேவையில்லை. மோப்பத்தாலும், உடம்பின் பக்கவாட்டில் தண்ணீர் அசைவை உணரும் கோடுகளாலும் இரை தேடுவது அது. எங்களுடையதற்கு இடது கண்ணில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. மண்புழுவை எந்தப் பக்கம் போட்டாலும் திரும்பிப் பிடிக்கிறது.